சீற்றம் யாருடையது?

சுற்றுச்சூழல் செய்திகளின் மொழி பற்றி ஒரு திறனாய்வு

திறனாய்வு என்றவுடன் கவிதையையும் புதினத்தையும் நாடகத்தையுமே நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் தமிழ் மக்கள் நாள்தோறும் மிகுதியாகப் படிக்கும் உரைநடை செய்தித்தாளின் உரைநடையே. புதினம் நுழையாத வீடுகள் பல உண்டு. செய்தி நுழையாத வீடு அரிது. அச்சுத்தாளின் இடத்தைத் தொலைக்காட்சியும் கைப்பேசியும் இன்று பெரிதும் பிடித்துக்கொண்டபோதிலும், அவற்றில் வழங்கும் நடை செய்தித்தாள் வகுத்துத் தந்த நடையே. தமக்கு நேர்ந்த துன்பத்தை மக்கள் எந்தச் சொற்களைக் கொண்டு நினைத்துப் பார்க்கிறார்களோ, அந்தச் சொற்களைப் பெரும்பாலும் அவர்களுக்கு வழங்குவது செய்தியே. ஆகவே அதன் மொழியை ஆராய்வது வெறும் நடைச் சீர்திருத்த வேலை அன்று. அது மக்களின் மனச்சான்றைப் பற்றிய வேலையும் ஆகும்.

இக்கட்டுரை சுற்றுச்சூழல் பற்றிய செய்திகளை, அவற்றுள்ளும் வெள்ளம் பற்றிய செய்திகளை, எடுத்துக்கொள்கிறது. தாம்பரமும் அதைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளும் இதற்குக் களம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஒவ்வோர் ஐப்பசியிலும் இப்பகுதி செய்தியில் இடம் பெறுகிறது. மார்கழியில் மறைந்துவிடுகிறது. அந்த இரண்டு மூன்று மாதங்களில் தவறாது நம் காதில் விழும் தொடர் ஒன்று உண்டு: 'இயற்கைச் சீற்றம்'. இத்தொடர் எவ்வளவு பழகிவிட்டதென்றால், அதன் பொருளை நாம் கேட்பதே இல்லை. கேட்டுப் பார்ப்பதே இங்கு நம் நோக்கம்.

1. எழுவாயைத் தேடி

சீற்றம் என்பது சினம். பாம்பு சீறும், வேங்கை சீறும். சீறுவதற்கு ஓர் உயிர் வேண்டும். அதைச் சீண்டிய ஒருவனும் வேண்டும். இயற்கை சீறியது என்று சொல்லும் செய்தி இயற்கைக்கு உயிரும் உள்ளமும் கொடுத்துவிடுகிறது. ஆனால் சீண்டியவன் யார் என்று மட்டும் கேட்பதில்லை. உருவகத்தின் முற்பாதியை எடுத்துக்கொண்டு பிற்பாதியை விட்டுவிடுகிறது. கவிஞன் இவ்வாறு செய்தால் உருவகம் முற்றுப்பெறவில்லை என்போம். செய்தி எழுதுவோர் செய்யும்போது அதனை வழக்கு என்று ஏற்றுக்கொள்கிறோம்.

இத்தொடரோடு கூடப்பிறந்த வாக்கியங்கள் பல உள்ளன. 'வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது' என்பது ஒன்று. இதில் எழுவாய் வெள்ளம். புகுந்தது அதன் செயல். ஆனால் அந்த வீடு நிற்கும் இடம் முப்பது ஆண்டுகளுக்கு முன் ஏரியின் நீர்ப்பிடிப்பாக இருந்திருப்பின், புகுந்தது வெள்ளமா, வீடா? 'ஏரி உடைந்தது' என்பது மற்றொன்று. உடைந்தது என்பது தன்வினை; உடைத்தது என்பது பிறவினை. ஏரிக்கரை தானாக உடைவதும் உண்டு. கரையைப் பல ஆண்டுகள் பேணாது விட்டதால் உடைவதும், தம் தெருவைக் காக்க ஒருசாரார் அதை வெட்டிவிடுவதும் உண்டு. மூன்றுக்கும் ஒரே வினைச்சொல்லைப் பயன்படுத்தும் செய்தி, மூன்றுக்கும் இடையே உள்ள அறவேற்றுமையை அழித்துவிடுகிறது.

'நீர்நிலைகள் சுருங்கின', 'ஏரிகள் மாயமாயின' என்றும் படிக்கிறோம். நனைத்த பருத்தித் துணி சுருங்கும். செப்பிடு வித்தைக்காரன் கையில் பொருள் மாயமாகும். ஏரி அவ்வாறு சுருங்குவதில்லை; மாயமாவதும் இல்லை. அதன் வரத்துக்கால்வாயில் மண் கொட்டப்பட வேண்டும். அளவைப் பதிவேட்டில் அதன் வகைப்பாடு மாற்றப்பட வேண்டும். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் வழங்கப்பட வேண்டும். பத்திரம் பதிவு செய்யப்பட வேண்டும். மின்னிணைப்புத் தரப்பட வேண்டும். இத்தனை செயல்களுக்கும் செய்தவர் உண்டு, நாள் உண்டு, கையொப்பம் உண்டு. 'சுருங்கின' என்னும் ஒரு சொல் இவ்வளவையும் விழுங்கிவிடுகிறது. மேலே நான் எழுதிய வரிசையிலும் வினைகள் எல்லாம் செயப்பாட்டு வினைகளாகவே வந்திருப்பதை வாசகர் கவனித்திருக்கலாம். கொட்டியவர், மாற்றியவர், வழங்கியவர் பெயர் தெரியாதபோது தமிழில் வேறு வகையாக எழுதுவது கடினம். பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதே செய்தியாளரின் தொழில். தேடாதபோது இலக்கணம் அவருக்கு மறைவிடம் ஆகிறது.

செய்தியாளருக்கு நாம் நியாயம் செய்ய வேண்டும். முழங்கால் நீரில் நின்று, நள்ளிரவில், அச்சுக்குப் போகும் நேரத்துக்குள் எழுதுபவர் அவர். ஆதாரமின்றி ஒருவர் பெயரைச் சொன்னால் வழக்கு வரும். எனவே முதல் நாளில் எழுவாய் இல்லாமற்போவது மன்னிக்கத்தக்கது. முப்பதாம் நாளிலும், மறு கோடையிலும், அடுத்த ஐப்பசியிலும் அது இல்லாமலே இருப்பதுதான் குறை.

2. முடிச்சூர் தரும் சான்று

பொதுப்பட உரைப்பதைவிட ஒரு நிகழ்ச்சியை எடுத்து நோக்குவது நலம். 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செண்டிமீட்டர் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கத்தில் 47 செண்டிமீட்டர். ஓர் இரவில் இவ்வளவு நீரை எந்த வடிகாலும் முற்றும் ஏந்திக்கொள்ளாது. இதனை முதலில் ஒத்துக்கொள்வது நேர்மை. மழையின் அளவு உண்மையிலேயே பெரிது.

அடுத்து வந்த வாரங்களில் செய்தி ஒரே பெயரைச் சுற்றிச் சுழன்றது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. முன்னரே சிறிது சிறிதாகத் திறந்திருக்கலாகாதா, மக்களுக்கு உரிய எச்சரிக்கை தரப்பட்டதா என்னும் வினாக்கள் எழுந்தன. 2016 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் உள்துறை நிலைக்குழு தன் அறிக்கையில் நீர்நிலை ஆக்கிரமிப்புகளைச் சுட்டிக்காட்டியது. 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை, இதனை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே கூறிற்று. இவ்வாறு, சற்றுக் காலம் தாழ்த்தியேனும், வாக்கியத்துக்கு ஓர் எழுவாய் கிடைத்தது. இது நன்மையே.

ஆனால் இங்கு வேறொரு குறை புகுந்தது. செம்பரம்பாக்கம் என்னும் ஒரு பெயரே எல்லா இடத்துக்கும் விடை ஆகிவிட்டது. நிலப்படத்தை விரித்துப் பார்ப்போம். ஆதனூர், மணிமங்கலம் வட்டாரத்து ஏரிகளின் உபரிநீரால் உருவாகும் அடையாறு வரதராஜபுரம், முடிச்சூர், மேற்குத் தாம்பரம் ஆகிய இடங்களை ஒட்டி ஓடி, பின்பே திருநீர்மலைப் பக்கம் செல்கிறது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் வந்து கலப்பது அந்தத் திருநீர்மலை அருகில். அதாவது முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்தக் கூடலுக்கு மேற்புறத்தில் உள்ளன. செம்பரம்பாக்கத்து மதகுகளின் நீர் சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும் போன வழியில் முடிச்சூர் இல்லை. அன்றியும், அவ்வாண்டு நவம்பர் நடுவிலேயே முடிச்சூரிலும் மேற்குத் தாம்பரத்திலும் மக்களைப் படகுகளில் ஏற்றி மீட்க வேண்டியதாயிற்று. டிசம்பரின் பெருந்திறப்புக்கு இரண்டு வாரங்களுக்கு முன் நிகழ்ந்தது அது.

அப்படியாயின் முடிச்சூரை மூழ்கடித்த நீர் எது? மேலே உள்ள ஏரிகளிலிருந்து அடுத்தடுத்து இறங்கிவந்த நீர். செங்கல்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்று நம் முன்னோர் அழைத்ததற்குக் காரணம் ஏரிகளின் எண்ணிக்கை மட்டும் அன்று. அவற்றின் தொடர்ச்சியும் ஆகும். மேலேரி நிறைந்தால் நீர் கலங்கல் வழியே வழிந்து, போக்குக்கால் வழியே கீழேரியை அடையும். எந்த ஏரியும் தனி ஏரி அன்று. இடையில் ஒரு கால்வாய் குறுகினால், அதன் விளைவு இரண்டு ஊர்களுக்கு அப்பால் தெரியும். ஏரியின் கொள்ளளவு குறைந்து, கால்வாயின் அகலம் குறைந்து, ஆற்றின் கரையோரம் மனைகளாகிய பின் அதே மழை வேறு வெள்ளமாக மாறுகிறது.

இதனைச் செய்தி ஏன் சொல்லவில்லை? ஒரு காரணம் எளியது. செய்தி மாவட்டவாரியாகப் பிரிக்கப்படுகிறது. நீர் அவ்வாறு பிரிவதில்லை. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது முடிச்சூர் அதனுள் வந்தது. ஆற்றுக்கு அப்பால் உள்ள வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே நின்றது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது முடிச்சூர் அதில் சேர்க்கப்படவில்லை. ஒரே ஆற்றின் இரு கரைகள் செய்தித்தாளின் இரு பதிப்புகளில் இடம் பெறும் நிலை இது. நீரின் கதையை ஒரே பக்கத்தில் படிக்கும் வாய்ப்பு வாசகருக்குக் கிடைப்பதில்லை. 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே தெருக்கள் மூழ்கின. அப்போதும் 'சீற்றம்' என்றே படித்தோம். இருமுறையும் மும்முறையும் அதே தெருவைத் தேடி வரும் சீற்றம் எவ்வகைச் சீற்றம்? மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வரும் நீரின் வழக்கம் அது.

3. தரிசு என்னும் சொல்

தாம்பரத்துக்கு மேற்கே நீர் அடையாற்றை நோக்கிச் செல்வது போல, கிழக்கே உள்ள சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம் முதலிய ஏரிகளின் நீர் பள்ளிக்கரணையை நோக்கிச் செல்கிறது. ஏறத்தாழ 250 சதுரக் கிலோமீட்டர் நிலப்பரப்பின் நீர் அங்குக் கூடி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேருகிறது. இந்நிலத்துக்குத் தமிழில் கழுவெளி என்று ஒரு பெயர் உண்டு. நீர் பரவி நிற்கவும் மெல்ல வடியவும் இடம் தரும் வெளி அது. அச்சொல்லை அறிந்தவனுக்கு அந்நிலத்தின் தொழில் தெரியும்.

ஆனால் அரசுப் பதிவுகளிலும் அவற்றைப் பின்பற்றிய செய்திகளிலும் இத்தகைய நிலங்கள் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் நெடுங்காலம் வழங்கிவந்தன. வரி தராத நிலம் பயன் தராத நிலம் என்பது வருவாய்த்துறையின் கணக்கு. அக்கணக்கு மொழியாயிற்று; மொழி கொள்கையாயிற்று. தரிசில் குப்பை கொட்டினால் யார் கேட்பார்? 1980களிலிருந்து பெருங்குடியில் நகரத்தின் குப்பை கொட்டப்பட்டது. தரிசில் கட்டடம் எழுப்பினால் அது வளர்ச்சி அல்லவா? சாலையும் குடியிருப்பும் கல்வி நிலையங்களும் அலுவலகங்களும் எழுந்தன. 1960களில் ஏறத்தாழ 5,500 ஹெக்டேர் என்று மதிப்பிடப்படும் பரப்பில் இன்று எஞ்சியிருப்பது சிறு பகுதியே. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் 1,247 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட பரப்பு, 1971ஆம் ஆண்டின் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முதன்மை வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. தரிசு என்று நாம் இகழ்ந்ததை உலகம் செல்வம் என்று ஏட்டில் எழுதிக்கொண்டது.

இங்குச் செய்தித்தாளை ஒரு முழு நூலாகக் கொண்டு படித்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தில் பள்ளிக்கரணைக்கு வந்திறங்கிய பூநாரைகளின் அழகிய படம். மற்றொரு பக்கத்தில் குப்பைமேட்டுத் தீயின் புகை. வார இறுதி இணைப்பில் அதே பகுதியில் எழும் அடுக்குமாடி வீடுகளின் முழுப்பக்க விளம்பரம். மூன்றும் ஒரே நிலத்தைப் பற்றியவை. ஆனால் ஒன்று மற்றொன்றை அறியாதது போல் நிற்கின்றன. பறவையைப் பற்றி எழுதுபவர் புகையைப் பற்றி எழுதுவதில்லை. விளம்பரத்தைப் பற்றி யாருமே எழுதுவதில்லை. இம்மூன்று பக்கங்களையும் சேர்த்துத் தைப்பதே சுற்றுச்சூழல் செய்தி எனத்தகும். தைக்காதவரை அவை அழகும் அவலமும் வணிகமுமாகச் சிதறிக் கிடக்கும்.

4. ஆக்கிரமிப்பு என்னும் சொல்

வெள்ளச் செய்திகளில் எழுவாய் முற்றிலும் இல்லை என்று சொன்னேன். ஒரு விலக்கு உண்டு. 'ஆக்கிரமிப்பாளர்கள்' என்னும் சொல் வரும்போது எழுவாய் தெளிவாகத் தோன்றிவிடுகிறது. ஆனால் அச்சொல்லோடு வரும் படங்களை நோக்குங்கள். அடையாற்றின் கரையில் தகரமும் ஓலையும் கொண்டு அமைத்த குடிசைகளே அவற்றில் காணப்படும். தமிழ்நாட்டில் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சட்டத்தின் சொற்கள் எல்லாருக்கும் பொதுவானவை. செய்தியில் அச்சொற்கள் பெரும்பாலும் ஒருசாராருக்கே வழங்கப்படுகின்றன. குடிசை நின்றால் ஆக்கிரமிப்பு. பல மாடிக் கட்டடம் நின்றால் வளர்ச்சித் திட்டம். அது நீரில் மூழ்கினால் இயற்கைச் சீற்றம். ஒரே செயலுக்கு மூன்று பெயர், செய்தவரின் நிலைக்கேற்ப.

2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றுக் கரையில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அகற்றப்பட்டன. வெள்ள அபாயத்திலிருந்து அவர்களைக் காப்பதற்காக என்று கூறப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்ட இடம் பெரும்பாக்கம். அது பள்ளிக்கரணைக் கழுவெளியின் நீர்ப்பரப்பைச் சார்ந்த தாழ்நிலம். 2023 டிசம்பரில் பெரும்பாக்கத்தை நீர் சூழ்ந்தது. ஆற்றின் வெள்ளத்திலிருந்து மீட்கப்பட்டவர்கள் கழுவெளியின் வெள்ளத்தில் விடப்பட்டார்கள். வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பல கிலோமீட்டர் அப்பால் அனுப்பப்பட்டதோ தனித்துன்பம்.

'ஆக்கிரமிப்பு அகற்றம்' என்ற செய்தியும், 'பெரும்பாக்கத்தில் வெள்ளம்' என்ற செய்தியும் எட்டு ஆண்டு இடைவெளியில் வந்தவை. இரண்டையும் இணைத்துப் படிக்காதவனுக்கு முதலாவது நற்செயல், இரண்டாவது துரதிர்ஷ்டம். இணைத்துப் படிப்பவனுக்கு அது ஒரே நிகழ்ச்சியின் இரண்டு பாகங்கள். ஏழையின் துன்பத்தில் அவனையே எழுவாயாக்குவதும், வசதியுள்ளோர் செயலில் இயற்கையை எழுவாயாக்குவதும் இலக்கணப் பிழை அன்று, நீதிப் பிழை.

5. சினமும் தண்டனையும்

சீற்றம் என்ற சொல் இறையியல் மாணவருக்குப் புதிதன்று. இயற்கையின் சீற்றம் என்பதற்குப் பின்னால் தெய்வத்தின் சீற்றம் என்னும் பழைய எண்ணம் மறைந்து நிற்கிறது. எனவே இவ்விடத்தில் நாமும் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

1755 நவம்பர் 1ஆம் நாள், சகல பரிசுத்தவான்கள் திருநாளில், மக்கள் ஆலயங்களில் கூடியிருந்த வேளையில், லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தால் அழிந்தது. கடல் பொங்கிற்று; தீ பரவிற்று. நல்ல கடவுளின் உலகில் இது எங்ஙனம் என்று வால்டேர் ஒரு கவிதையில் வினவினார். மறு ஆண்டு ரூசோ அவருக்கு எழுதிய மடலில் கூறிய கருத்து நம் பொருளுக்கு நேரானது. ஆறேழு மாடி கொண்ட இருபதாயிரம் வீடுகளை ஓரிடத்தில் நெருக்கிக் கட்டியது இயற்கை அன்று என்று அவர் சுட்டிக்காட்டினார். இறைவனையும் இயற்கையையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துமுன் கட்டியவனை விசாரிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

நம் நாட்டிலும் இவ்வழக்கு நடந்திருக்கிறது. 1934 ஜனவரி 15இல் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அரிசனத் தொண்டுக்காக அப்போது தமிழ்நாட்டில் சுற்றுப்பயணத்தில் இருந்த காந்தியடிகள், அது தீண்டாமைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று பேசினார். தீண்டாமையை எதிர்ப்பதில் அவரோடு முற்றும் ஒன்றுபட்ட இரவீந்திரநாத் தாகூர் இக்கூற்றை மறுத்தார். இயற்கை நிகழ்ச்சியை ஒழுக்கத்தின் கணக்கோடு முடிச்சுப் போடுவது பகுத்தறிவுக்கு ஒவ்வாது என்றும், அது மக்களின் அறியாமையை வளர்க்கும் என்றும் அவர் வாதிட்டார். காந்தியடிகள் தம் ஏட்டிலேயே அம்மறுப்பை வெளியிட்டது அவருடைய பெருந்தன்மை. ஆயினும் வழக்கில் தாகூர் பக்கமே நியாயம் இருந்தது. நிலநடுக்கத்தில் மாண்டவர்களுள் தீண்டாமைக்கு உள்ளானவர்களும் இருந்தார்கள் அல்லவா?

திருமறையும் இதையே நமக்குக் கற்பிக்கிறது. சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டபோது, மாண்டவர்கள் மற்றவரைவிடப் பாவிகள் அல்லர் என்று ஆண்டவர் தெளிவாக்கினார். எலியா மலைக்குகையில் நின்றபோது காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் கர்த்தர் இருக்கவில்லை. அவற்றுக்குப் பின் அவனிடம் வந்தது ஒரு வினா. ஆனால் நம் சபைகளில் வெள்ளத்துக்குப் பின் நடைபெறும் ஸ்தோத்திர ஆராதனைகளில் எழும் சாட்சிகளைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் தெருமுனையோடு நீர் நின்றுவிட்டது, எங்களைத் தேவன் காத்தார் என்பார்கள். நன்றியுணர்வு குறைகூறத்தக்கதன்று. ஆயினும் அடுத்த தெருவில் நீர் நிற்கவில்லையே. அவர்களைக் காக்காமல் விட்டவர் யார்? அந்தத் தெரு ஏன் பள்ளத்தில் இருந்தது, நம் தெருவை மண்ணிட்டு உயர்த்தியபோது நீர் எங்கே திரும்பியது என்று கேட்காத சாட்சி, செய்தித்தாளின் 'சீற்றம்' என்னும் சொல்லோடு ஒரே வரிசையில் நிற்கிறது. ஒன்று சினத்தைக் காரணமாக்குகிறது; மற்றொன்று அருளைக் காரணமாக்குகிறது. கால்வாயை இரண்டும் பார்ப்பதில்லை.

6. உலகச் செய்தியும் உள்ளூர்ச் செய்தியும்

அண்மைக் காலத்தில் 'சீற்றம்' என்பதன் இடத்தில் 'காலநிலை மாற்றம்' என்னும் தொடர் வந்து அமர்ந்துகொண்டிருக்கிறது. இது அறிவியல் அடிப்படை உடையது. முன்னைய சொல்லைவிடப் பன்மடங்கு மேலானது. காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் அது ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலான நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும் மழை கொட்டும் மழையாகிறது. இந்த வெப்பத்துக்குப் பெரும் பொறுப்பு நெடுங்காலம் நிலக்கரியும் எண்ணெயும் எரித்துச் செல்வம் பெருக்கிய நாடுகளுடையது என்பதும் உண்மை. முடிச்சூர்த் தெருவாசி அந்தக் கடனை அடைக்க வேண்டியவர் அல்லர்.

எனினும் உலகப் பொதுக்காரணம் உள்ளூர்ப் பொறுப்பை மூடும் போர்வையாகிவிடக் கூடாது. 2024 அக்டோபர் 29இல் ஸ்பெயின் நாட்டு வலென்சியா மாநிலத்தில் நிகழ்ந்ததைக் காண்க. சீவா என்னும் ஊரில் எட்டு மணி நேரத்தில் 491 மில்லிமீட்டர் மழை பெய்தது. 2015இல் தாம்பரத்தில் ஒரு நாளில் பெய்த அளவு அங்கு எட்டு மணி நேரத்தில் பெய்தது. இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மழை அதிகம் பெய்யாத கீழ்ப்பகுதி ஊர்களிலும், வறண்ட ஓடை வழியே இறங்கிவந்த வெள்ளத்தில் மக்கள் இறந்தார்கள். அங்கும் காலநிலை மாற்றம் பேசப்பட்டது, பேசப்பட வேண்டியதே. ஆனால் அந்நாட்டு மக்களும் செய்தியாளரும் அதோடு அமையவில்லை. கைப்பேசிகளுக்கு எச்சரிக்கை அனுப்பப்பட்டது இரவு 8 மணி 11 நிமிடத்துக்கு. அதற்குள் நீர் வீடுகளில் ஏறிவிட்டது. முன்னரே அனுப்பாதது ஏன், அனுப்ப வேண்டியவர் அந்நேரம் எங்கே இருந்தார் என்று மாதக்கணக்கில் கேட்டார்கள். ஓடையின் வெள்ளப்பரப்பில் வீடு கட்ட இசைவளித்தது யார் என்றும் கேட்டார்கள். உலகக் காரணத்தை ஏற்றுக்கொண்டே உள்ளூர் எழுவாயைத் தேடினார்கள். தாம்பரத்துச் செய்தி வலென்சியாவிடம் கற்க வேண்டியது இது.

7. நல்ல முன்மாதிரிகள்

குறையையே கூறி முடிப்பது திறனாய்வு ஆகாது. தமிழில் இத்துறையில் நல்ல எழுத்து இல்லாமல் இல்லை. மா. கிருஷ்ணன் பல பத்தாண்டுகள் விலங்கும் பறவையும் மரமும் பற்றி ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். பார்த்ததை மட்டும் எழுதுவது அவர் நெறி. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் பழைய மாணவராகிய சு. தியடோர் பாஸ்கரன், சூழலியலுக்குத் தமிழிலேயே சொற்கள் உண்டென்பதைத் தம் கட்டுரைகளால் மெய்ப்பித்தவர். பூவுலகின் நண்பர்கள் இயக்கத்தார் வெளியிட்ட சிறுநூல்களும், 2013க்குப் பின் இந்து தமிழ் நாளிதழ் வெளியிட்ட 'உயிர் மூச்சு' இணைப்பும் செய்தியை மழைநாளோடு நிறுத்தாமல் ஆண்டு முழுவதும் தொடர வழிகாட்டின. 1930களில் கிறித்தவக் கல்லூரி சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தபோது, வேதியியல் பேராசிரியராகிய எட்வர்டு பார்ன்ஸ் அவ்வளாகத்தின் மரங்களையும் செடிகளையும் பேணுவதில் காட்டிய பொறுமையும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. இவர்களுக்குப் பொதுவான பண்பு ஒன்றே: நிலத்தை அவர்கள் விபத்து நேர்ந்த நாளில் மட்டும் பார்க்கவில்லை.

ஆகவே நம் இறையியல் மாணவர்களுக்கும் சபை ஊழியர்களுக்கும் இரண்டு வேண்டுகோள். முதலாவது, பங்குனி, சித்திரை மாதங்களில், நீர் வற்றிய காலத்தில், ஆதனூரிலிருந்து திருநீர்மலை வரை அடையாற்றை ஒட்டி ஒருமுறை நடந்து பாருங்கள். எந்தக் கலங்கலிலிருந்து எந்தக் கால்வாய் புறப்படுகிறது, எங்கே குறுகுகிறது, அங்கே நிற்பது எது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளச் செய்தியின் மெய்யான தொடக்கம் அங்கே, வெயிலில், கிடக்கிறது. இரண்டாவது, தாழ்ந்த பகுதிகளில் உள்ள ஆலயங்களின் சுவரில் 2015 முதல் ஒவ்வொரு வெள்ளமும் ஏறிய உயரத்தை அளந்து, ஆண்டும் நாளும் இட்டு, கோடு வரைந்து வையுங்கள். வெள்ளை அடிக்கும்போதெல்லாம் அக்கோடுகள் மறைந்துபோகின்றன. மறைந்த பின் அடுத்த வெள்ளம் வரலாறு காணாத வெள்ளம் என்று எழுதப்படுகிறது. சுவர் நினைவில் வைத்திருந்தால் அப்படி எழுத யாருக்கும் துணிவு வராது.

அடுத்த ஐப்பசியில் சீற்றம் என்னும் சொல்லைப் படிக்கும்போது, அது யாருடையது என்று ஒருமுறை உரக்கக் கேட்போமாக. விடை பெரும்பாலும் வானத்திலிருந்து வராது. வருவாய்த்துறைப் பதிவேட்டிலும், மனைப்பிரிவு ஒப்புதலிலும், நாம் கையொப்பமிட்டு வாங்கிய பத்திரத்திலும் அது எழுதப்பட்டிருக்கும்.